உழுகிறவன் பெயர் எங்கே?

தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலோடு கலக்குமிடத்தருகே செயின்ட் டேவிட் கோட்டையின் இடிபாடுகள் இன்றும் கிடக்கின்றன. 1690-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராத்தியரிடமிருந்து அக்கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் எல்லைவரை நிலமும் தமக்கே என்று பேசிக்கொண்டனர். அவ்வெல்லைக்குட்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. விற்றவர் பெயரும் வாங்கியவர் பெயரும் சரித்திரத்தில் ஏறின. உழுதவனை எவரும் கேட்கவில்லை.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்பும் இவ்விஷயத்தில் நாம் அதிக தூரம் வந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. கடலூர் ஜில்லாவில் சிறு குடியானவன் வீட்டு உலை கொதிப்பது எதைப் பொறுத்தது என்று கேட்டால், மழையைப் பொறுத்தது என்பார்கள். அது பாதி உண்மையே. வடகிழக்குப் பருவமழைதான் சம்பாப் பயிரை வளர்க்கிறது; அதே மழைதான் கடைமடை வயல்களில் வடிய வழியின்றி நின்று அதை அழுகவும் வைக்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. முந்திரிக் கன்று பலன் தரச் சில வருஷங்கள் காத்திருக்கவேண்டும். 2015-இல் பெருவெள்ளம், 2024-இல் 'ஃபெஞ்சல்' புயலும் தென்பெண்ணைப் பெருக்கும்.

ஆயினும், ஒரே வெள்ளத்தில் மூழ்கிய இரண்டு வயல்களில், ஒன்றின் குடும்பம் நிமிர்ந்துவிடுகிறது. மற்றொன்றின் குடும்பம் தாலிக்கொடியை அடகு வைக்கிறது. இந்தப் பேதம் மழை செய்ததன்று, அடங்கல் செய்தது. வாய்ப்பேச்சுக் குத்தகையில் சாகுபடி செய்பவனுடைய பெயர் அதில் இல்லை. ஆகவே பயிர்ச்சேத நிவாரணம் பெரும்பாலும் நிலச்சொந்தக்காரருக்கே போய்ச் சேருகிறது. கூட்டுறவுச் சங்கக் கடனுக்கும் காகிதம் வேண்டும். மத்திய சர்க்கார் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் கிஸான் திட்டத்திலோ சொந்த நிலமுள்ள குடும்பத்துக்கே இடம். வட்டிக்கு வாங்கி உரம் போட்டவன் அறுத்த நெல்லைக் களத்திலேயே வியாபாரிக்கு அளந்துவிடுகிறான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் காத்துக் கிடக்கலாம். கடன் கொடுத்தவன் காத்திருப்பானா?

2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தைப் படித்தறிந்த எவரும் இதை அற்பமாகப் பேசமாட்டார். ஆனால் நெல் விளைவித்தவனே குதிர் காலியாகி அந்த வரிசையில் நிற்கிறான் என்பதையும் கவனிக்கவேண்டும். காய்கறியும் பாலும் மீனும் காசுக்குத்தான். காசு சுருங்கினால் முதலில் சுருங்குவன இவையே. அதிலும், எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ணும் வீட்டுப் பெண்ணின் வட்டிலில்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். தாராளமாக இருக்கிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே ஒரு சட்டம் வந்தது. அதற்கு முன், 1955-ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்றலாகாது என்று தடுத்தது. இந்த நற்சட்டமே சொந்தக்காரருக்குப் பயத்தை உண்டாக்கிற்று. எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று அஞ்சி, அவர் எழுத்தையே ஒழித்துவிட்டார். கோர்ட்டு விவகாரம் சற்று அறிந்த நமக்கு இதில் ஆச்சரியமில்லை.

ஆந்திரர் 2019-இல் வேறு வழி கண்டனர். பதினொரு மாதத்துக்கு ஒரு சாகுபடி ஒப்பந்தம். அதனால் நிலவுரிமைக்குப் பங்கமில்லை. கடனும் நிவாரணமும் சாகுபடி செய்பவனுக்கு. ஆனால் சொந்தக்காரர் கையொப்பம் அவசியம் என்று வைத்ததால் அங்கும் பலர் விடுபட்டனர்.

நம் ராஜ்யத்தில் அந்த நிபந்தனையை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளலாம் என்பது நமது அபிப்பிராயம். சம்பா நிற்கும்போது அடங்கல் எழுத வயலுக்குச் செல்லும் கிராம நிர்வாக அலுவலர், வரப்பில் நிற்பவனிடம் பெயர் கேட்டு, அந்தப் போகத்துக்கு மட்டும், நிவாரணத்துக்கும் கடனுக்கும் மட்டும் என்று ஒரு பத்தி சேர்த்து எழுதட்டும். இதற்குப் புதிய இலாகா எதுவும் வேண்டியதில்லை. கட்சி ஊழியர்கள் வருகிற சம்பா நடவுக்குள் தத்தம் கிராமத்துக் குத்தகைச் சாகுபடிக்காரர் ஜாபிதாவைத் தாமே தயாரித்துத் தாசில்தார் முன் வைக்கலாம்.