நேரம் குறிக்கப்பட்ட அருவி

ஓர் அருவி எப்போது விழ வேண்டும் என்று மனிதர் நேரம் குறிப்பதுண்டா? ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குக் குடும்பத்தோடு வாகனத்தில் செல்வோர், தலவாக்கலையை எட்டுமுன், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே முதலில் டெவன் நீர்வீழ்ச்சியையும் சற்று அப்பால் அகன்று விழும் சென்கிளேயர் நீர்வீழ்ச்சியையும் வீதியிலிருந்தே காணலாம். சென்கிளேயருக்கு நீர் தரும் கொத்மலை ஓயா, அதாவது கொத்மலை ஆறு, மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் அணையிட்டு மறிக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கவழியே மின்நிலையத்துக்குத் திருப்பப்படுகிறது. அருவி வற்றிவிடும் என்று எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. அதனாலேயே, 2012இல் இயங்கத் தொடங்கிய அத்திட்டத்தில், பகற்பொழுதில் அருவிக்கென நீர் திறந்துவிடும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. பருவமழை வலுத்து அணையின் கதவுகள் திறக்கப்படும் நாட்களிலோ, சென்கிளேயர் எந்த நேர ஒழுங்குக்கும் அடங்குவதில்லை.