வண்டிக்கு அடியில் போகுமுன்

தை பிறந்து சம்பா அறுவடை மும்முரமாகிவிட்டால், தஞ்சைப் பக்கத்துக் கிராமச் சாலைகள் பலவும் நெற்களங்களாக மாறிவிடுகின்றன. வைக்கோலையும், பிறகு உளுந்துச் செடியையும் சாலையில் பரப்பி, போகிற வருகிற மோட்டார்களைக் கூலியில்லாமல் போரடிக்க வைத்துவிடுவது நம்மவர்களின் சாமர்த்தியம். ஆனால் அப்படிப் போரடித்த கார் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. அடியில் சுழலும் தண்டுகளில் வைக்கோல் சுற்றிக்கொள்கிறது. சூடேறிய புகைக்குழாயில் அது படிந்தால் தீப்பற்றவும் கூடும். கருகல் வாடை வந்தால் உடனே நிறுத்தி எல்லோரும் இறங்கிவிட வேண்டும். வாடையில்லாமல் வீடு வந்து சேர்ந்தால், குழாய் நன்றாக ஆறிய பின் வண்டியைத் தூக்கிப் பார்ப்பது நலம்.

தூக்குவது இப்போது எளிது. சக்கரம் வைத்த டிராலி ஜாக்கி பல வீடுகளுக்கு வந்துவிட்டது. அடைபட்ட திரவத்தின் மேல் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டார். அந்தத் தத்துவந்தான் ஜாக்கிக்குள் இருக்கும் எண்ணெயில் வேலை செய்கிறது. கைப்பிடியைப் பலமுறை அசைத்தால் வண்டி சில அங்குலம் எழும்புகிறது. 800, 1,000 கிலோ எடையை ஒரு கையால் தூக்கிவிட்டோம் என்ற பெருமையும் வந்துவிடுகிறது. அந்தப் பெருமையில்தான் மனிதர்கள் அடியில் தலையை நீட்டுகிறார்கள். எண்ணெயை அடைத்து வைத்திருப்பது ஒரு சிறு ரப்பர் வளையம் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. அது கிழிந்தால் வண்டி இறங்கிவிடும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டுகள் தனியே வேண்டும்.

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுமார் 96 அடி உயரம், 300 டன் எடை. 1948-க்குப் பின் ஓடாமல் நின்றுவிட்ட அத்தேர் 1970-இல் மறுபடி ஓடியது. திருச்சி பெல் தொழிற்சாலையார் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தித் தந்தார்கள். பிரேக்கு வந்துவிட்டதே என்று முட்டுக்கட்டைகளை யாரும் விறகாக்கிவிடவில்லை!

காருக்கும் முட்டுக்கட்டை அவசியம். பெரும்பாலான கார்களில் ஹாண்டு பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் அது பிடித்துக்கொண்டிருப்பது அந்தரத்தில் உள்ள சக்கரத்தை! ஆகவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றுவதானால் நட்டுகளைத் தூக்குமுன்பே சற்றுத் தளர்த்திவிட வேண்டும்.

நம் காவேரிக் கரை மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. டிராலி ஜாக்கியின் கரம் நேராக எழும்புவதில்லை, வளைந்து எழும்புகிறது. அதற்கேற்ப ஜாக்கி தன் சக்கரங்களில் சிறிது உருண்டு நகர வேண்டும். கார்த்திகையில் நனைந்த களிமண் வாசலில் அச்சக்கரங்கள் புதைந்துவிடும். ஜாக்கி நகராது, அதன் தலை மட்டும் பக்கவாட்டில் இழுத்து, வண்டியிலிருந்து வழுக்கும். சித்திரையில் வெடித்துக் கிடக்கும் களிமண்ணும் யோக்கியமானதல்ல. மேலே பாறை மாதிரி தோன்றி ஓரத்தில் நொறுங்கும். சமமான சிமெண்டுக் களமே சிலாக்கியம். ஸ்டாண்டு நிற்கும் தரைக்கும் இதே விதிதான். அதற்குப் பதிலாகச் செங்கல்லை அடுக்குவதோ கொலைக்குச் சமானம். செங்கல் வளைந்து எச்சரிக்கை தராது. ஒரே நொடியில் பிளந்துவிடும்.

ஜாக்கியைக் கொடுக்கும் இடம் எது என்று வண்டியோடு வரும் புத்தகத்தில் படம் போட்டிருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் உழலும் பழைய வண்டிகளில் அவ்விடம் துருப்பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டின் மேல் இறக்கி வைத்ததும் வண்டியைப் பக்கத்திலிருந்து அசைத்துப் பாருங்கள். ஆடினால் ஆரம்பத்திலிருந்து மறுபடி. கூப்பிட்ட குரலுக்கு வர வீட்டில் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் வண்டியைச் சற்றே தூக்கி ஸ்டாண்டுகளை எடுத்துவிட்டு, குழந்தைகள் எங்கே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, வால்வைக் கொஞ்சங் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். நட்டுகளைக் கடைசியாக இறுக்குவது சக்கரம் தரையில் நின்ற பிறகுதான்.