கடல் கடந்து வந்த மாணாக்கர்

கடம்பூர் இருப்புப்பாதை நிலையத்தில் நின்று நோக்கினால், கரிசற் காட்டை ஊடுருவித் தெற்கே செல்லும் தண்டவாளம் தெரியும். 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கப்படும் வரையில், சென்னையிலிருந்து கொழும்புக்குச் சென்றோர் இவ்வழியே சென்று தூத்துக்குடியிற் கப்பலேறினர். நம்மவர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்த கதையை யாவரும் அறிவர். கல்வி தேடி அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்தவர் கதையை நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை.

தனிநாயக அடிகள் 1913-இல் இலங்கையிலே பிறந்தவர். உரோமாபுரியிற் சமயக் கல்வி முடித்து, நெல்லைச் சீமையைச் சேர்ந்த வடக்கன்குளத்துப் பள்ளியிலே ஆசிரியரானார். தாய்மொழியில் தமக்குப் போதிய புலமை இல்லையென்னும் குறை அவரை வருத்தியது. முப்பது வயதைக் கடந்தபின், 1945-இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ் மாணாக்கராகச் சேர்ந்தார். கற்பித்தவர் மீண்டும் கற்கப் புகுவது எளிதன்று. நம்மில் எத்தனை பேர் அதற்கு இசைவோம்?

பட்டம் பெற்றபின் அவர் என்ன செய்தார் என்பதே நாம் கருதவேண்டுவது. தூத்துக்குடியிலே தமிழ் இலக்கியக் கழகம் கண்டார். 1952-இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்கள் இதழைத் தொடங்கினார். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும், 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1964-இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றார். 1966-இல் அதன் முதல் மாநாடு கோலாலம்பூரிலே கூடிற்று. சிதம்பரத்திலே ஊன்றிய வித்து மலாயாவிலே காய்த்தது. அதனைச் சிதம்பரத்துக்கு இழப்பென்று எவரும் சொல்லார்.

இன்று 'ஸ்டடி இன் இந்தியா' என்னும் திட்டம் 2018 முதல் நடைபெறுகிறது. 2021-22 கல்வியாண்டில் ஏறத்தாழ 47,000 பிறநாட்டு மாணாக்கர் இந்தியாவிற் பயின்றனர். அவருள் நேபாளத்தாரே மிகுதி. விளம்பரத்தால் மாணாக்கரை அழைத்துவிடலாம்; படிப்பு முடிந்தபின் யாது வழி? மாணவர் விசா வேலை செய்ய உரிமை தருவதில்லை. நிறுவனம் ஒன்று ஏற்றுக்கொண்டால் வேலைக்கென வேறு விசா பெறவேண்டும். ஜெர்மனியோ தன்னிடம் பட்டம் பெற்ற அயலார் வேலை தேடுவதற்குப் பதினெட்டுத் திங்கள் தங்க இடமளிக்கிறது. நம்மிடம் படித்தவர் கடைசித் தேர்வு எழுதிய கையோடு பெட்டியைக் கட்டவேண்டியவராகிறார்.

இங்கே தங்குவதொன்றே வாழ்வாகாது என்பதும் உண்மை. கோவில்பட்டியில் 1901 முதல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. மழையை நம்பிய கரிசலிலே பருத்தியும் சோளமும் விளைவிக்கும் முறைகள் அங்கே ஆராயப்படுகின்றன. சூடானிலும் எத்தியோப்பியாவிலும் அத்தகைய கரிய மண்ணும் உண்டு, சோளமும் உண்டு. அந்நாட்டு வேளாண் மாணாக்கர் ஒருவர் ஒரு பருவமேனும் இக்கரிசலில் நின்று, விதைப்பு முதல் அறுவடை வரையிற் பழகிச் சென்றால், தம் ஊரிலே அவருக்குத் தொழிலும் உண்டு. ஐயம் நேர்ந்தபோது மடல் எழுதிக் கேட்கக் கோவில்பட்டியும் உண்டு.