பள்ளக்காட்டுக் குப்பைமேடும் நமது வீட்டுச் சொப்பிங் பேக்கும்

2022 ஜனவரியில் அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் இரண்டு யானைகள் செத்துக் கிடந்த படங்கள் உலகப் பத்திரிகைகள் பலவற்றில் வெளிவந்தன. அந்தக் குப்பைமேட்டில் அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் மாண்டிருப்பதாகவும் அப்போது சொல்லப்பட்டது. உடலை வெட்டிப் பரிசோதித்த மிருக வைத்தியர் வயிற்றில் கண்டவை பொலித்தீன், உணவு சுற்றிய தாள்கள், பிளாஸ்டிக் துண்டுகள், தண்ணீர். யானை வழமையாகத் தின்னும் புல்லோ இலைகுழையோ அங்கே இருக்கவில்லை.

படத்தைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொன்னவர்களில் எத்தனை பேர் அந்தப் பொலித்தீன் எந்த ஊர்களில் இருந்து போனது என்று யோசித்தார்கள் தெரியாது. சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கேதான் கொட்டப்பட்டது. கிழக்குக் கரையோரத்தின் முஸ்லிம், தமிழ் ஊர்கள்தான் அவை. நம்முடைய குசினியில் இருந்து புறப்பட்ட சரக்குத்தான் அது.

கரையோர ஊர்களுக்கு ஏன் காடு தேவைப்பட்டது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். கிழக்கே கடல், மேற்கே வயல் வட்டைகள், நடுவில் ஒடுங்கிய மணல் துண்டு. அதற்குள் கூரையோடு கூரை முட்டும்படி வீடுகள். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்து இடமும் சுருங்கிவிட்டது. வளவில் குழி வெட்டித் தென்னையடியில் குப்பையைத் தாழ்த்த வளவு இருந்த காலம் வாப்பாமாரோடு போயிற்று. இந்த நெருக்கடியில்தான் 2008இல், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு பள்ளக்காட்டுக் குப்பைத்தளம் அமைக்கப்பட்டது. சுற்றிவர மின்சார வேலியும் இருந்தது. ஆகவே இதைத் தொடக்கத்திலேயே களவாகக் கொட்டிய இடம் என்று சொல்ல முடியாது. முறையாகத் தொடங்கிய ஒன்று முறைகேடாகிப் போன கதை இது.

2014இல் அந்த வேலியை இடி தாக்கியது. அதன் பிறகு அது திருத்தப்படவில்லை. இவ்வளவுதான் நடந்தது. ஒன்பது ஊர்க் குப்பை நாளாந்தம் வந்து விழுந்தபடியே இருக்க, வேலி மட்டும் செத்துப்போய்க் கிடந்தது.

யானைவேலி என்பது பலர் நினைப்பதுபோல் யானையைக் கொல்லும் வேலியல்ல. சூரிய சக்தியிலோ பற்றரியிலோ இயங்கும் கருவி, விட்டுவிட்டு ஒரு கணத் துடிப்பாக மின்சாரத்தைக் கம்பியில் அனுப்பும். தொட்ட யானைக்குச் சுரீரென்று அடிக்கும், விலகிப் போகும், உயிருக்கு ஆபத்தில்லை. ஆபத்தானது வீட்டு மின்சாரத்தைக் களவாகக் கம்பியில் பாய்ச்சும் வேலிதான். அதில் யானையும் சாகும், இரவில் வயலுக்குப் போகும் மனிசனும் சாவான். முறையான வேலிக்கு ஓயாத பராமரிப்பு வேண்டும். கம்பியில் கொடி படர்ந்தாலே மின்சாரம் நிலத்துக்கு இறங்கிவிடும். கட்டும்போது நாடா வெட்ட ஆள் வரும், கொடி வெட்ட யார் வருவார்?

வேலி போனதும் யானைகள் வந்தன, வந்தவை அங்கேயே தங்கின. பரந்த காடு இருக்க யானை ஏன் குப்பையைத் தின்கிறது? ஒரு வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ அளவில் தீன் வேண்டும். அதைத் தேடி மைல் கணக்கில் அலைய வேண்டும். குப்பைமேட்டிலோ சோறு, கறி, மரக்கறித் தோல், அழுகிய பழம் எல்லாம் ஓரிடத்தில் குவிந்து கிடக்கின்றன. உப்பும் இனிப்பும் யானைக்கு விருப்பமானவை. நாம் தின்று சுருட்டி எறிந்த லஞ்ச் சீட்டில் உப்பும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். தும்பிக்கை நுனியால் ஒரு கடலையைக்கூடப் பொறுக்கத் தெரிந்த விலங்குதான் யானை. ஆனால் முடிச்சுப் போட்ட சொப்பிங் பேக்கை அவிழ்த்து, சோற்றை மட்டும் எடுத்து, பையைப் போட அதனால் இயலாது. பையோடு சேர்த்து விழுங்கும்.

யானைக்கு மாட்டைப் போல அசைபோடும் பழக்கம் கிடையாது. விழுங்கியது இரைப்பையைக் கடந்து பெருங்குடலில்தான் நொதித்துச் செரிக்கும். தின்றதில் பாதிகூடச் செரிப்பதில்லை, மிச்சம் இலத்தியாக வெளியேறும். சிறு துண்டுப் பொலித்தீனும் அப்படி வெளியேறலாம். பெரிய துண்டுகள் நாரோடு சுற்றி உருண்டு திரண்டால் குடல் அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு புல்லைத் தின்றாலும் இறங்க வழியில்லை. அந்தப் பெரிய உடம்பு பட்டினியில் மெலிந்து, ஒரு நாள் விழும், பிறகு எழும்பாது.

சாகாத யானையும் ஊருக்கு ஆகாது. மனித உணவின் ருசி கண்ட யானை குப்பைமேட்டோடு நிற்பதில்லை. வயலுக்கும் வளவுக்கும் வரும். "முந்தி யானை வேளாண்மை விளையிற காலத்திலதான் வரும், இப்ப வருசம் முழுக்க வருது" என்று வட்டைக் காவலர்கள் சொல்வதில் வியப்பில்லை. வெடி கொளுத்தி விரட்டினால் கொஞ்சம் விலகும், அல்லது கோபப்படும். அகழி வெட்டுவதாக 2022இல் அரசாங்கம் சொன்னது. அகழி யானையைத் தடுக்கலாம், குப்பையைத் தடுக்காது.

பள்ளக்காடு தனி ஒரு இடமுமல்ல. வனஜீவராசிகள் நடமாடும் பிரதேசங்களை அண்டி நாடு முழுவதும் 54 குப்பைத்தளங்கள் இருப்பதாகவும், ஏறக்குறைய 300 யானைகள் அவற்றைச் சுற்றித் திரிவதாகவும் கணக்குச் சொல்லப்பட்டது. குப்பை எப்போதும் குரல் குறைந்தவர்களின் பக்கமே தள்ளப்படுகிறது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்ல குப்பைமலை சரிந்து 32 பேர் உயிரிழந்தபோது, அடியில் நசுங்கியவை ஏழைகளின் வீடுகள். கொழும்புக் குப்பைக்கு வில்பத்துவை அண்டிய அருவக்காடு தெரிவு செய்யப்பட்டதும் புத்தளத்து மக்கள், முஸ்லிம்கள் உட்பட எல்லாச் சமூகத்தவரும், வீதியில் இறங்கினார்கள். "கொழும்பான்ட குப்பைய நாங்க ஏன் சுமக்கணும்?" என்ற கேள்வி நியாயமானது. அதே கேள்வியைப் பள்ளக்காட்டு யானை நம்மைப் பார்த்துக் கேட்டால் நம்மிடம் பதில் உண்டா?

சட்டம் இல்லாமலில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, சேகரிக்கப்படும் குப்பை சபையின் சொத்து. அதை ஊருக்குத் தொல்லையில்லாமல் அகற்றுவது சபையின் கடமை. 2017 செப்டம்பரில் லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் பெட்டியும் தடை செய்யப்பட்டன. தடைக்குப் பிறகும் சாப்பாட்டுக் கடையில் பார்சல் எதில் சுற்றித் தருகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

உண்மையில் நமது குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. அது தனியாக இருந்தால் பசளை. பொலித்தீனோடு கலந்தால் எதற்கும் உதவாது. கறி பூசிய பொலித்தீனையும் மீள்சுழற்சிக்காரர் எடுக்கமாட்டார். எனவே பிரிக்கும் இடம் குசினிதான், அதற்குப் பிறகு எந்த இயந்திரம் வந்தாலும் பிந்திவிட்டது. இதில் ஒரு வேடிக்கை: 2021இல் இரசாயனப் பசளை தடை செய்யப்பட்டு நமது விவசாயிகள் கையைப் பிசைந்து நின்றார்கள். சீனாவில் இருந்து கப்பலில் சேதனப் பசளை வந்தது, தீங்கான கிருமி இருப்பதாக நிராகரிக்கப்பட்டது, இருந்தும் ஏறத்தாழ 70 இலட்சம் டொலர் கட்டப்பட்டது. கட்டிய மாதம் 2022 ஜனவரி. அதே மாதம்தான் பள்ளக்காட்டில் அந்த இரண்டு யானைகளும் விழுந்து கிடந்தன.

சபைகளைக் குறை சொல்வது இலேசு, சொல்லவும் வேண்டும். ஆனால் பிரித்துக் கொடுத்த குப்பையை ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் கலந்து ஏற்றுவதை ஊர் கேள்வி கேட்காமல் விட்டால் சபை ஏன் மாறப்போகிறது? இன்னொன்றும் உண்டு. நமது கலியாண விருந்துகளில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி இருந்து சாப்பிட்டபோது மிஞ்சியது எலும்பும் கறிவேப்பிலையும்தான். இப்போது ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், ஆளுக்கொரு பிளாஸ்டிக் கரண்டி. நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசலுக்குப் பிள்ளைகள் தூக்குச்சட்டி கொண்டுபோன வழக்கமும் பல ஊர்களில் பொலித்தீன் பைக்கு மாறிவிட்டது. இந்த இரண்டையும் திருப்புவதற்குச் சட்டமும் வேண்டாம், வெளிநாட்டு உதவியும் வேண்டாம். பள்ளிவாசல் நிருவாகம் நோன்புக்கு முந்திய ஜும்ஆவில் "சட்டியோடு வாற ஆக்களுக்குத்தான் கஞ்சி" என்று ஓர் அறிவித்தல் செய்தால் போதும்.