டிரைவர் இல்லாத ரயில் 'ஹேங்' ஆகலாமா?

நம் வீட்டுக் கம்ப்யூட்டர் 'ஹேங்' ஆனால் ரீஸ்டார்ட் செய்துவிட்டு வேலையைத் தொடர்கிறோம். ஓடும் ரயிலை இயக்கும் கம்ப்யூட்டர் தவறு செய்தால்?

பாரிஸ் நகரில் 14ஆம் எண் மெட்ரோ பாதை 1998 அக்டோபரில் திறக்கப்பட்டது. இதில் ஓடும் ரயில்களுக்கு டிரைவர் கிடையாது. ரயிலுக்குள்ளும், பாதையோரத்திலும், கட்டுப்பாட்டு அறையிலும் உள்ள கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொண்டு அவற்றை ஓட்டுகின்றன. இப்படிக் கருவிக்குள்ளேயே பொதிந்திருந்து, குறிப்பிட்ட வேலையை மட்டும் செய்யும் கம்ப்யூட்டருக்கு 'எம்பெடட் சிஸ்டம்' என்று பெயர். உங்கள் வாஷிங் மெஷினுக்குள்ளும் ஒன்று இருக்கலாம்.

சோதித்துப் பார்த்தால் போதாதா?

போதாது. 'ஆன்', 'ஆஃப்' என்று இரண்டு நிலைகள் கொண்ட 40 சுவிட்சுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றை ஒரு லட்சம் கோடிக்கும் அதிகமான விதங்களில் வைக்கலாம். நொடிக்கு ஒன்றாகச் சோதித்தாலும் 34 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! சோதனையில் பிழை அகப்படவில்லை என்பதால் பிழையே இல்லை என்று ஆகிவிடாது.

எனவே, 14ஆம் பாதையின் பாதுகாப்பு சாஃப்ட்வேருக்கு ழான் ரேமோன் அப்ரியால் உருவாக்கிய 'பி மெத்தட்' என்ற முறையைக் கையாண்டார்கள். அதன் படிகள் இவை:

1. புரோகிராம் எழுதுவதற்கு முன், சிஸ்டத்தின் மாதிரியைக் கணிதக் குறியீடுகளில் எழுத வேண்டும். 'கதவு திறந்திருக்கும்போது ரயில் நகரக் கூடாது' என்பது போன்ற விதிகள் இதில் இடம்பெறும்.

2. மாதிரியைப் படிப்படியாக விரிவாக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் விதிகள் மீறப்படவில்லை என்பதை, பள்ளியில் தேற்றத்தை நிரூபிப்பது போல நிரூபிக்க வேண்டும்.

3. கடைசி மாதிரியை 'அடா' மொழி புரோகிராமாக மாற்ற வேண்டும்.

இப்படி சுமார் 86 ஆயிரம் வரிகள் உருவாயின. இதற்காக 27 ஆயிரத்துக்கும் அதிகமான நிரூபணங்கள் தேவைப்பட்டன. பெரும்பாலானவற்றைக் கம்ப்யூட்டரே முடித்துவிட்டது. மீதியைப் பொறியாளர்கள் கவனித்தார்கள். அதன்பின் நடந்த சோதனைகளில் இந்தப் பகுதியில் ஒரு பிழைகூட அகப்படவில்லை என்று தயாரித்தவர்கள் தெரிவித்தார்கள். என்னை மிகவும் வியக்க வைத்த தகவல் இதுதான்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எழுதிய விதிகளுக்கு மட்டுமே நிரூபணம் பொறுப்பு. கதவைப் பற்றிய விதியை எழுத மறந்தால் எந்தக் கணிதமும் அதை நினைவுபடுத்தாது. என்னைக் கேட்டால், 'எது நடக்கவே கூடாது?' என்று முதலில் எழுதி வைப்பதுதான் இதில் கடினமான வேலை.

புரோகிராமிங் பழகுபவர்கள், இந்தப் பணியில் பயன்பட்ட 'அட்லியே பி' சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பை டவுன்லோட் செய்து முயன்று பார்க்கலாம்.