நீரில் நனைந்த கார் சாவி: வண்டி கிளம்ப மறுப்பது ஏன், செய்ய வேண்டியது என்ன?

மழையில் நனைவது, தேங்கிய நீரில் விழுவது, சட்டைப் பையில் மறந்து போய் சலவை இயந்திரத்தில் துணிகளோடு சுழல்வது எனக் கார் சாவி நீரில் மூழ்கப் பல வழிகள் உண்டு. அதன் பிறகு பொத்தானை அழுத்தினால் கதவு திறப்பதில்லை. கதவைத் திறந்துவிட்டாலும் சில நேரங்களில் என்ஜின் இயங்குவதில்லை. சாவி முழுவதும் பழுதாகிவிட்டதாகக் கருதிப் புதிய சாவிக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவிடுவோரும் உண்டு. ஆனால், பெரும்பாலும் நீரால் முதலில் செயலிழப்பது கதவைத் திறக்கும் பகுதிதான். வண்டியைக் கிளப்பும் பகுதி தப்பித்திருக்க வாய்ப்பு அதிகம்.

இதற்குக் காரணம், இன்றைய சாவியின் பிளாஸ்டிக் உறைக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வேலைகள் நடப்பதே. கதவைப் பூட்டித் திறக்கும் ரிமோட், 3 வோல்ட் நாணய வடிவ பேட்டரியில் இயங்குகிறது. என்ஜினைக் கிளப்ப அனுமதி தருவது டிரான்ஸ்பாண்டர் எனப்படும் சிறு சில்லு. இதற்கு பேட்டரி தேவையில்லை. சாவியை இக்னிஷனில் செருகியதும், அதைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் உருவாக்கும் காந்தப் புலத்திலிருந்தே சில்லு மின்சக்தி பெற்று, தன் அடையாளக் குறியீட்டை அனுப்புகிறது. வண்டியின் நினைவகத்தில் உள்ள பதிவோடு அது பொருந்தினால் மட்டுமே இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பு என்ஜினை இயங்க விடும். இந்தச் சில்லு பெரும்பாலும் கண்ணாடிக் குழாயிலோ கெட்டியான பிசினிலோ அடைக்கப்பட்டிருப்பதால் நீர் எளிதில் உள்ளே போவதில்லை.

ஆகவே, ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் உலோகச் சாவியால் கதவைத் திறந்து, வழக்கம்போல் வண்டியைக் கிளப்பிப் பார்க்கலாம். கதவைத் திறந்ததும் சில கார்களில் அபாய ஒலி எழும். சாவியை வண்டி அடையாளம் கண்டதும் அது நின்றுவிடும்.

பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களிலும் இதற்கு மாற்று வழி உண்டு. ஸ்மார்ட் சாவியின் பக்கவாட்டில் ஓர் உலோகச் சாவி மறைந்திருக்கும். அதைக் கொண்டு கதவைத் திறந்து, பிரேக்கை மிதித்தபடி, சாவியை ஸ்டார்ட் பொத்தானை ஒட்டிப் பிடித்துக் கிளப்ப வேண்டும். சில மாடல்களில் சாவியை வைக்க வேண்டிய இடம் வேறாக இருக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் அந்த இடம் குறிப்பிடப்பட்டிருக்கும்.

அப்போதும் கிளம்பாவிட்டால் கருவிப் பலகையைக் கவனிக்க வேண்டும். சாவி அல்லது பூட்டு வடிவ விளக்கு விடாமல் மின்னினால், வண்டி சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள். அந்த விளக்கு அணைந்த பிறகும் என்ஜின் இயங்காவிட்டால் கோளாறு வேறெங்கோ இருக்கலாம். ஸ்டார்ட்டர் வெறுமனே 'டிக்' என்று ஒலித்து நின்றால் பெரும்பாலும் வண்டியின் பேட்டரி தளர்ந்திருக்கும். அதற்கும் நனைந்த சாவிக்கும் தொடர்பில்லை. வீட்டில் இருக்கும் மாற்றுச் சாவியால் ஒருமுறை முயன்று பார்ப்பது எல்லாவற்றையும்விட விரைவான சோதனை.

உலர்த்துவது எப்படி?

நனைந்த சாவியின் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்ப்பதே பலரும் செய்யும் முதல் தவறு. சாவியைக் கெடுப்பது நீர் மட்டுமன்று. நீரில் கரைந்துள்ள உப்பும் சோப்பும் பேட்டரியின் மின்னோட்டமும் சேர்ந்து செப்புத் தடங்களை அரித்துவிடுகின்றன. எனவே உறையைத் திறந்து பேட்டரியை உடனே அகற்ற வேண்டும். பெரும்பாலான சாவிகளில் இதனால் பதிவு அழிவதில்லை.

உறையைத் திறக்கும்போது ஒரு கவனம் தேவை. சில சாவிகளில் டிரான்ஸ்பாண்டர் சில்லு, மின்சுற்றுப் பலகையோடு ஒட்டாமல் உறையின் ஓரத்தில் தனியாகச் செருகப்பட்டிருக்கும். அரிசி மணியைவிடச் சற்றே பெரிதான அந்தக் கருநிறத் துண்டு நழுவி விழுந்து தொலைந்தால், நீரில் பிழைத்த சாவி உலர்த்தும்போது பயனற்றுப் போகும். வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வைத்துத் திறப்பது நல்லது.

கடல்நீர், சாக்கடை நீர், சோப்பு நீர் ஆகியவற்றில் விழுந்த பலகையை, பேட்டரிகளுக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை அலசி, பின்னர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்மையான தூரிகையால் துடைக்கலாம். அதன்பின் மின்விசிறிக் காற்றில் ஒன்று அல்லது இரண்டு நாட்கள் உலர விட வேண்டும். மும்பை போன்ற கடலோர நகரங்களில் மழைக்காலக் காற்றே ஈரமாக இருப்பதால், புதிய காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைப்பது மேல். அரிசிக்குள் புதைப்பதால் பெரும் பயனில்லை. அதன் தூசுதான் உள்ளே ஒட்டும். முடி உலர்த்தியின் சூடும் கொதிக்கும் வெயிலும் உறையை வளைத்துவிடக் கூடும். நன்கு உலர்ந்த பிறகு புதிய பேட்டரியைப் பொருத்த வேண்டும்.

காரும் மூழ்கியிருந்தால்

சாவியோடு காரும் வெள்ளத்தில் நின்றிருந்தால் மேற்கூறிய எதையும் முயலக் கூடாது. மும்பையின் சாந்தாக்ரூஸில் 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, நகரில் ஏராளமான வாகனங்கள் நீரில் மூழ்கின. அத்தகைய நிலையில் சாவி வேலை செய்யாமல் போவது உரிமையாளருக்கு நன்மையே. காற்றை அழுத்துவதுபோல் நீரை அழுத்த முடியாது என்பதால், சிலிண்டருக்குள் நீர் புகுந்த என்ஜினைச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அத்தோடு என்ஜினை முழுமையாகப் பிரித்து வேலை பார்க்க வேண்டிவரும். வெள்ளச் சேதம் பொதுவாக விரிவான காப்பீட்டில் அடங்கும். ஆனால் நீரில் நின்ற வண்டியைக் கிளப்ப முயன்றதால் என்ஜினுக்கு ஏற்பட்ட சேதத்தை, என்ஜின் பாதுகாப்புக் கூடுதல் காப்பீடு இல்லாதபோது நிறுவனங்கள் ஏற்க மறுப்பதுண்டு. பேட்டரி இணைப்பைத் துண்டித்து, வண்டியை இழுவை வாகனத்தில் பணிமனைக்குக் கொண்டுசெல்வதே சரியான வழி.

புதிய சாவி வாங்க நேர்ந்தால்

சாவி இனி தேறாது என்றானால் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையகத்தில் புதியதைப் பெறலாம். பதிவுச் சான்று, அடையாள ஆவணம் ஆகியவற்றோடு பழுதான சாவியையும் கொண்டுசெல்ல வேண்டும். உலோகத்தை வெட்டினால் மட்டும் போதாது. புதிய சில்லை வண்டியின் நினைவகத்தில் பதிவு செய்தால்தான் என்ஜின் கிளம்பும். வேலை செய்யும் இன்னொரு சாவி கையில் இருந்தால் இப்பணி எளிதாகும். சாவி மாற்றுச் செலவுக்கெனத் தனியே கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால் அதன் கீழ் தொகை கோரலாம்.

பழுதான சாவியைக் குப்பையில் எறிந்துவிடக் கூடாது. கார் திருடுபோய் இழப்பீடு கோரும்போது, வண்டியோடு தரப்பட்ட இரண்டு அசல் சாவிகளையும் காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கின்றன. ஒன்று குறைந்தால் விளக்கம் கேட்பர். கோரிக்கை நிராகரிக்கப்படவும் கூடும். செயலிழந்த சாவியையும், புதிய சாவி வாங்கிய ரசீதையும் காப்பீட்டு ஆவணங்களோடு வீட்டிலேயே பாதுகாத்து வைக்க வேண்டும். காருக்குள் வைக்கக் கூடாது.