மூக்கடைப்புக்கு 2 சொட்டு... குழந்தை வாயில் போனால் வலிப்பு! நீலகிரி தைலத்துக்குள் இருப்பது என்ன?

கோவை:

மழையும் பனியும் வந்துவிட்டால் போதும், கோவை வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு தும்மல் சத்தம்தான். டாக்டரிடம் போவதற்கு முன்னால் எல்லோர் கையும் தேடுவது நீலகிரி தைலத்தைத்தான். "ரெண்டு சொட்டு தைலம் உட்டு ஆவி புடி கண்ணு, கம்முனு சரியாப் போயிரும்" என்று சொல்லாத பாட்டி கொங்கு நாட்டில் உண்டா?

ஊட்டிக்கு டூர் போய் மேட்டுப்பாளையம் வழியாக இறங்குகிற பஸ்சில் எட்டிப் பார்த்தால், பாதிப் பேர் மடியில் வர்க்கி பொட்டலமும் தைல பாட்டிலும் இருக்கும். மூக்கடைப்பு, தலைவலி, மூட்டு வலி, கொசுக்கடி, ஏன், வீடு துடைக்கிற தண்ணீரில் கலக்கக்கூட அதே பாட்டில்தான். ஆனால் அந்தச் சின்ன பாட்டிலுக்குள் இருக்கும் சமாச்சாரம் என்ன, அது உடம்புக்குள் என்ன வேலை பார்க்கிறது என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. தெரியாததால் வரும் வினையும் சின்னதல்ல.

கப்பலில் வந்த மரம்

பெயர் நீலகிரி தைலம் என்றாலும் மரம் நீலகிரியில் பிறந்தது இல்லை. சொந்த ஊர் ஆஸ்திரேலியா. வெள்ளைக்காரன் காலத்தில், 1843-ம் ஆண்டு கேப்டன் காட்டன் என்பவர் ஊட்டியில் முதன்முதலாக நட்டதாக வனத்துறை வரலாறு சொல்கிறது. மருந்துக்காக நட்டதில்லை, விறகுக்காக. ஊட்டி குளிருக்கு அடுப்பெரிக்கவே அங்கிருந்த சோலைக் காடுகளை வெட்டித் தள்ளிவிட்டார்கள். சீக்கிரம் வளரும் மரம் ஒன்று தேவைப்பட்டது. 1856-க்குப் பிறகு தோப்பு தோப்பாக நடத் தொடங்கினார்கள். மலைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் கற்பூர மரம்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. கோவை, ஈரோடு, கரூர் பக்கம் தோட்டங்களில் வரிசையாக நிற்பதையும் 'தைல மரம்' என்றுதான் சொல்கிறோம். அது வேறு ஜாதி. சமவெளி வெயிலைத் தாங்கும். இலையில் எண்ணெய் குறைவு. அதனால் அதை வெட்டி லாரியில் ஏற்றினால் பெரும்பாலும் போய்ச் சேருவது புகளூர், பள்ளிபாளையம் மாதிரி ஊர்களில் உள்ள காகித ஆலைகளுக்குத்தான். தைலத்துக்குப் பேர்போனது மலை மேல் குளிரில் வளரும் ஜாதி.

ரசம் கொதிக்கிற மாதிரிதான்

தைலம் காய்ச்சுகிற கொட்டகையில் மந்திரம் எதுவும் கிடையாது. இலையையும் சருகையும் பொறுக்கி மூட்டையாகக் கட்டிக் கொண்டு வருகிறார்கள். பெரிய பாத்திரத்தில் திணித்துத் தண்ணீர் விட்டு மூடி, அடியில் தீ மூட்டுகிறார்கள். கிளம்பும் ஆவியைக் குழாய் வழியாகக் கொண்டுபோய்க் குளிர்ந்த தண்ணீரில் ஆற வைத்தால், மறுபக்கம் தண்ணீரும் எண்ணெயும் கலந்து சொட்டும். எண்ணெய் எடை குறைவு என்பதால் தண்ணீருக்கு மேலே மிதக்கும். வழித்து எடுத்தால் தைலம் ரெடி.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. தைலத்தின் முக்கியப் பொருள் தனியாகக் கொதிக்க வேண்டும் என்றால் 176 டிகிரி சூடு வேண்டும். தண்ணீரோ 100 டிகிரியில் கொதித்துவிடும். அப்புறம் எப்படி தைலம் வெளியே வருகிறது? ரசம் கொதிக்கும்போது பெருங்காய வாசம் தெருமுனை வரைக்கும் வருகிறதே, அந்தக் கணக்குதான். நீராவி மேலே போகும்போது வாசனைப் பொருளையும் தோளில் சுமந்துகொண்டு போய்விடுகிறது.

100 கிலோ இலையைக் காய்ச்சினாலும் கிடைப்பது ஒன்றிரண்டு கிலோ தைலம்தான். அவ்வளவு இலையின் சாரம் ஒரு பாட்டிலுக்குள் அடங்கியிருக்கிறது. 'இலைதானே, என்ன செய்யும்?' என்று நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. ஆஸ்திரேலியாவில் கோலா கரடி இந்த இலையைத்தான் தின்று வாழ்கிறது. அதன் ஈரலில் இந்த விஷத்தை முறிக்கும் சத்துகள் ஏராளம் என்று 2018-ல் அதன் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். நமக்கு அந்த ஈரல் இல்லை!

பாட்டிலுக்குள் யார் யார்?

ஒரே பொருள் மாதிரித் தெரிந்தாலும் தைலம் பல ரசாயனங்களின் கூட்டணி. இந்தக் கூட்டணிக்குத் தலைவர் 'சினியோல்'. யூகலிப்டால் என்றும் சொல்வார்கள். 1870-ல் பிரான்ஸ் நாட்டு வேதியியல் நிபுணர் குளோயஸ் வைத்த பெயர் அது. மலை மரத்துத் தைலத்தில் பாதிக்கு மேல் இதுதான். மருந்துக்குப் பயன்படும் தைலம் என்றால் குறைந்தது 70 சதவீதம் சினியோல் இருக்க வேண்டும் என்பது பிரிட்டன் மருந்துத் தர விதி.

மிச்சம் இருப்பதில் ஒன்று 'பைனீன்'. பெயிண்டர்கள் கலக்குகிற டர்பன்டைனில் இருப்பதும் இதுவேதான். இன்னொன்று 'லிமோனீன்'. ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தால் கண்ணில் சுரீர் என்று அடிக்குமே, அது. இவை தவிர இன்னும் பல சில்லறைப் பொருட்கள் உண்டு. எந்த மரம், எந்த மண், எந்தப் பருவம், பச்சை இலையா சருகா என்பதைப் பொறுத்து அளவு ஏறும், இறங்கும்.

சினியோல் நம் அடுப்பங்கரைக்குப் புதுசும் இல்லை. ஏலக்காயில் இருக்கிறது. இருமலுக்கு இடித்துக் கஷாயம் வைக்கும் சித்தரத்தையிலும் இருக்கிறது. ஆனால் அங்கே துளித் துளி. இங்கே பாட்டில் நிறைய!

மூக்கு நிஜமாகவே திறக்கிறதா?

தைலத்தை மோந்ததும் 'ஜிவ்'வென்று ஏறி, அடைத்த மூக்கு திறந்த மாதிரி இருக்கும். அங்கேதான் ஆச்சரியம். 1983-ல் பிரிட்டனில் ஆட்களுக்குத் தைல ஆவியை மோக்கக் கொடுத்து, மூக்கு வழியாகக் காற்று போவதைக் கருவி வைத்து அளந்து பார்த்தார்கள். மூக்குக்குள் வழி துளிகூட அகலவில்லை. ஆனால் மோந்தவர்களோ 'மூச்சு நன்றாகப் போகிறது' என்றார்கள்.

காரணம் நரம்பு. குளிர்ச்சியை உணர்ந்து மூளைக்குத் தகவல் சொல்ல நரம்பில் ஒரு கதவு இருக்கிறது. நிஜமான குளிர்காற்று பட்டால் அது திறக்கும். புதினாவில் உள்ள மென்தால் பட்டாலும் திறக்கும், சினியோல் பட்டாலும் திறக்கும். உடனே மூளை 'ஆகா, குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது' என்று ஏமாந்துவிடுகிறது. 2002-ல் இந்தக் கதவைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ். சூடு, குளிர், தொடு உணர்வு பற்றிய ஆராய்ச்சிகளுக்காக 2021-ல் நோபல் பரிசு பெற்ற இருவரில் அவரும் ஒருத்தர்.

அதுக்காக தைலம் வெறும் ஏமாற்று வேலை என்றும் சொல்லிவிட முடியாது. சினியோலுக்கு வீக்கத்தைக் குறைக்கும் குணம் இருக்கிறது. ஜெர்மனியின் பான் நகரத்து டாக்டர்கள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்த 32 ஆஸ்துமா நோயாளிகளிடம் 12 வாரம் சோதனை செய்து, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். சினியோல் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஸ்டீராய்டு அளவை 36 சதவீதம் குறைக்க முடிந்தது. டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 7 சதவீதம்தான். கவனிக்க வேண்டியது, அது சுத்தம் செய்த சினியோலை அளந்து அடைத்த மாத்திரை. டாக்டர் கண்காணிப்பில் கொடுத்தது. வெறும் 32 பேரிடம் செய்தது. இதைக் கேள்விப்பட்டு யாரும் தைலத்தை ஸ்பூனில் ஊற்றிக் குடித்து வைக்கக் கூடாது.

கிருமியைக் கொல்லுமா என்றால், சோதனைக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த சில கிருமிகளை அடக்குகிறது. தட்டில் நடப்பதெல்லாம் நெஞ்சுக்குள் நடக்காது. கொரோனா காலத்தில் பொது இடங்களில்கூட குக்கரில் குழாய் மாட்டி வரிசையில் நின்று ஆவி பிடித்தது ஞாபகம் இருக்கும். அப்போது சுகாதார அமைச்சராக இருந்த மா.சுப்பிரமணியனே, பொது இடத்தில் ஆவி பிடித்தால் நோய் இன்னும் பரவும், வேண்டாம் என்று 2021 மே மாதம் எச்சரித்தார்.

உள்ளே போனால் வில்லன்

இனிமேல் சொல்வதைத் தாய்மார்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

மூக்கு நரம்பைத் தட்டி எழுப்புகிற அதே சினியோல், ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் ஆட்டம் காட்டிவிடும். முதலில் வாய், தொண்டை எரிச்சல், வாந்தி. பிறகு தள்ளாட்டம், தூக்கக் கலக்கம், மயக்கம். சில குழந்தைகளுக்கு வலிப்பு. குடித்த அரை மணி நேரத்துக்குள்ளேயே இது தொடங்கிவிடலாம்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் குழந்தைகள் மருத்துவமனையில் 1981 முதல் 1992 வரை இந்தத் தைலத்தைக் குடித்துவிட்டு 109 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 59 சதவீதம் பேருக்குப் பாதிப்பு தெரிந்தது. 28 சதவீதம் பேருக்கு நினைவு மங்கியது. கலப்பில்லாத தைலம் 2, 3 மில்லி உள்ளே போனாலே லேசான மயக்கம் வந்தது. 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன் போனால் நிலைமை மோசம்.

'பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகாது' என்பதும் தப்பு. பெங்களூரு நரம்பியல் டாக்டர்கள் முன்னின்று தென்னிந்திய மருத்துவமனைகளில் 4 வருடம் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. தைலம், கற்பூரம் சேர்ந்த பொருட்களைப் பயன்படுத்திய பிறகு வலிப்பு வந்தவர்கள் அதில் 55 பேர். 33 பேர் ஏற்கனவே வலிப்பு நோய் உள்ளவர்கள். மீதி 22 பேருக்கு அப்படி எதுவும் இல்லை. எல்லோரும் குடித்தவர்கள் இல்லை. மோந்தவர்களும் தேய்த்தவர்களும் உண்டு. ஊரில் எத்தனை லட்சம் பேர் தைலம் தேய்க்கிறார்கள் என்று பார்த்தால் இது அபூர்வம்தான். ஆனாலும் வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால் தைலம், கற்பூரம் இரண்டையும் தள்ளி வைப்பதே நல்லது.

கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் நெஞ்சிலும் மூக்கிலும் தைலம் தடவுவது, உள்பனியனில் கற்பூரத்தை முடிந்து வைப்பது எல்லாம் நம்ம பக்கம் சகஜம். பிஞ்சு மூக்கில் இந்தக் காரம் ஏறினால் குரல்வளை இறுகி மூச்சு திணறலாம். அதனால்தான் ஐரோப்பிய மருந்து அமைப்பு, இரண்டரை வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு இந்தத் தைலமே கூடாது என்று சொல்லியிருக்கிறது. 'எங்க பாட்டி காலத்துல எல்லாம் தடவுனாங்களே' என்றால், தடவினார்கள்தான். மூச்சுத் திணறிய குழந்தைகளை அப்போது யாரும் கணக்கு எடுக்கவில்லை.

ஆவி பிடிப்பதில் தைலத்தைவிட பெரிய ஆபத்து கொதிக்கிற தண்ணீர். குண்டா சரிந்து தொடையும் வயிறும் வெந்துபோகிற விபத்து உலகம் முழுக்க நடக்கிறது. சின்னப் பிள்ளைகளைப் போர்வைக்குள் விட்டு ஆவி பிடிக்க வைக்கவே கூடாது.

குழந்தை தைலத்தைக் குடித்துவிட்டால்? விரலை விட்டு, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அது இன்னொரு ஆபத்து. பால், எண்ணெய் எதையும் புகட்ட வேண்டாம். 108-க்கு போன் போட்டுவிட்டு, அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாட்டிலைப் பார்த்தால் டாக்டருக்குப் புரிந்துவிடும். 'நல்லாத்தான் விளையாடுது' என்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள்.

அசலா, போலியா?

தைலத்தில் மலிவான எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுக் காய விடுங்கள். சுத்தமான தைலம் பறந்துவிடும், எண்ணெய்க் கறை தங்காது. பஜ்ஜி மடித்த காகிதம் மாதிரி கறை நின்றால் சமையல் எண்ணெய் மாதிரி ஏதோ சேர்ந்திருக்கிறது. ஆனால் டர்பன்டைன் மாதிரி பறக்கிற சரக்கைக் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் மாட்டாது. அதற்கு லேப்தான்.

சீனாவில் இருந்து மலிவு விலையில் வரும் 'யூகலிப்டஸ் தைலத்தில்' ஒரு பங்கு இந்த மரத்தில் எடுத்ததே இல்லை. அங்குள்ள கற்பூர ஜாதி மரத்து எண்ணெயில் இருந்து சினியோலைப் பிரித்து எடுப்பது. மலை மேல் சருகு பொறுக்கி விறகு எரித்துக் காய்ச்சுகிறவர்கள் அந்த விலைக்குப் போட்டி போட முடியாமல் திணறுகிறார்கள்.

கொசுவுக்குத் தைலம் தடவுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளலாம். அமெரிக்க அரசு கொசு விரட்டியாகப் பரிந்துரைப்பது நீலகிரி தைலத்தை இல்லை. எலுமிச்சை வாசம் அடிக்கும் இன்னொரு தைல மரத்தின் எண்ணெயைப் பக்குவப்படுத்தி எடுக்கும் வேறு பொருள் அது. அதையும் 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் போடக் கூடாது என்கிறார்கள்.

மரத்தின் சொந்த ஊரான ஆஸ்திரேலியாவில் இந்தத் தைலத்தை, குழந்தைகளால் சுலபத்தில் திறக்க முடியாத மூடி போட்டுத்தான் விற்க வேண்டும் என்பது சட்டம். நம்ம ஊர் கடைகளில் கிடைக்கும் பாட்டிலில் பெரும்பாலும் சாதாரண திருகு மூடிதான், 2 வயசுப் பிள்ளை பல்லால் கடித்துத் திறந்துவிடும். டி.வி. ஸ்டாண்டு மேலேயும், தலையணைக்கு அடியிலும் கிடக்கும் அந்த பாட்டிலை இன்றைக்கே எடுத்து, மருந்து வைக்கிற மேல் அலமாரியில் வைத்துவிடுங்கள்.